சோதனையில் இருக்கிற என் பேட்டரி

அண்ணே, இதை அம்மாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டு. கை ஒழியல, அதனால வாயால சொல்றேன், போன் எழுதிக்கிடுது. நடுவுல அம்மா "அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சு"ன்னு பிடுங்கினா பொறுமையா இருக்கச் சொல்லு. எல்லாம் வரும்.

அம்மா, போன வாரம் கேட்டியே, "பெரியம்மா பொண்ணுக்கு பத்து நிமிஷத்துல கிடைச்ச ஸ்டிக்கர் உனக்கு மட்டும் ஏன் இத்தனை நாளா கிடைக்கல, அவளுக்கு இருக்கிற சாமர்த்தியம் உனக்கு எங்க போச்சு"ன்னு. அந்தக் கேள்வியை நினைச்சுக்கிட்டே ரெண்டு தடவை இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன். இப்போ சொல்றேன், கேளு.

நான் போன் ரிப்பேர் பண்றது சந்தையோட மூலையில, ஒரு குடைக்குக் கீழேன்னு உனக்குத் தெரியும். அந்தச் சந்தைக்கு கரண்ட் கம்பியே வராது. அவங்கவங்க கரண்ட்டை அவங்கவங்கதான் தூக்கிட்டு வரணும். பேனல் வெயிலை வாங்கும், பேட்டரி அதை டாங்க்ல தண்ணி பிடிக்கிற மாதிரி பிடிச்சு வைக்கும், இன்வெர்ட்டர் அதை நம்ம மெஷினுக்கு ஏத்த கரண்ட்டா மாத்தித் தரும். அவ்வளவுதான் விஷயம். எனக்கு நல்ல கரண்ட் வேணும். ஒரு வீட்டோட பத்து வருஷ போட்டோ உள்ள இருக்கிற போனைத் திறந்து வெச்சுட்டு, சூடு காட்டற மெஷின் பாதியில நின்னுட்டா நான் செத்தேன். அதனாலதான் ஒரு வருஷம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி லித்தியம் பேட்டரி வாங்கினேன். கூட நல்ல இன்வெர்ட்டர், ரெண்டு பேனல். வயர் முனை ஒவ்வொண்ணையும் நானே அழுத்தி, நானே ஃபியூஸ் போட்டேன். பார்த்தா பொண்ணு பார்க்க வர்றவங்க முன்னாடி நிறுத்தலாம், அவ்வளவு லட்சணம்.

எனக்கு மூணு கடை தள்ளி நம்ம பெரியம்மா பொண்ணு, நான் பளபளான்னு கூப்பிடுறவ. அவ முடி வெட்டுறா. என்னைவிட மூணு மாசம் பெரியவ, அதுக்கே அக்கான்னு கூப்பிடணுமாம். நான் கூப்பிட்டதில்ல. அவ இன்வெர்ட்டர்ல தங்கக் கலர் பூ ஒட்டியிருக்கா. உள்ள இருக்கிறது ஏதோ காருக்குப் போட்டுக் கழட்டின பேட்டரி. ட்ரிம்மரை ஆன் பண்ணா கீ கீன்னு கத்தும். பேனல்ல விரிசல், அதுக்கு மேல டேப். இதை நான் குறை சொல்றதுக்காக சொல்லல. உள்ளதைச் சொல்றேன்.

போன மாசம் சந்தை கமிட்டி ஒரு நோட்டீஸ் ஒட்டிச்சு. ஒண்ணாம் தேதியில இருந்து நீல ஸ்டிக்கர் இல்லாத கடை போடக் கூடாது. யாருக்கு ஸ்டிக்கர் இல்லையோ அவங்க இடம், ஸ்டிக்கர் வெச்சிருக்கிற அடுத்த ஆளுக்குப் போயிடும். என் வரிசையில முதல்ல ஸ்டிக்கர் வாங்கி, என் மூலைக்குக் காத்திருக்கிற அடுத்த ஆள் யாரு? பளபளா.

ஸ்டிக்கர் குடுக்கிறது இணைப்பில்லா மின்சாரக் கண்காணிப்புத் துறை. கம்பி இல்லாம கரண்ட் எடுக்கிறவங்களை மேற்பார்வை பார்க்க ஒரு துறை. பளபளா எனக்கு முன்னாடியே போயிட்டு பத்து நிமிஷத்துல வாங்கிட்டு வந்தா. ஸ்டிக்கரோட நின்ன போட்டோவை நீங்க எல்லாரும் குடும்ப குரூப்ல பூ போட்டு, கை தட்டி, சித்தப்பா "குலவிளக்கு"ன்னு எழுதி... சரி விடு.

நான் கிளம்புறதுக்கு முதல் நாள் பளபளா என்கிட்ட வந்து, "இந்தா பாரு, பேட்டரியைத் தொடைக்காதே. அழுக்கா கொண்டு போ. எவ்வளவு தாங்கும்னு கேட்டா வாயைத் திறக்காதே"ன்னா.

நான் மனசுக்குள்ள, அடியேய், என்னோடது உன்னோடதைவிட நல்லா இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சுடும்னு பயமான்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுக்குப் போய் பேட்டரியை ஈரத்துணியால ஒரு தடவை, காஞ்ச துணியால ரெண்டு தடவை தொடைச்சேன்.

அந்த ஆபீஸுக்குள்ள நுழைஞ்சா ஒரே புழுக்கம். ஃபேன் எல்லாம் நிக்குது. எல்லாரும் ஃபைலால விசிறிட்டு இருக்காங்க. என்னன்னு கேட்டா, ஆபீஸ்ல கரண்ட் கிடையாதாம். கம்பி இல்லாதவங்களைக் கண்காணிக்கிற துறை கம்பியோட இருக்கலாமா, நடுநிலை கெட்டுடாதான்னு ஒரு கேள்வி வந்து, நாலு வருஷத்துக்கு முன்னாடியே கம்பியை வெட்டிட்டாங்களாம். பதிலுக்கு மாடி முழுக்க பேனல் வாங்கி வெச்சிருக்காங்க. ஆனா அதுக்கு நீல ஸ்டிக்கர் வேணும். தன் விண்ணப்பத்துக்குத் தானே அனுமதி குடுக்கக் கூடாதுன்னு விதி. அதனால பேனல் எல்லாம் பிளாஸ்டிக் உறையைக்கூட கழட்டாம வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு.

கவுன்ட்டர்ல இருந்த மேடம் என் ஃபாரத்தைப் புரட்டிட்டு, "கடைசி மூணு மாச கரண்ட் பில் எங்க?"ன்னாங்க.

"மேடம், எனக்கு கனெக்‌ஷனே இல்ல. அதுக்குத்தானே இங்க வந்திருக்கேன்."

"இல்லைன்னு தெரியுதும்மா. இல்லைங்கிறதுக்கு பில் எங்க?"

இந்த ஊர்ல எந்தப் பேப்பர் கேட்டாலும் நான் பையையே கவிழ்த்துக் கொட்டுவேன், உனக்குத் தெரியும். அந்த மேடமே பாவப்பட்டு வாசலைக் காட்டினாங்க. வாசல்ல ஒரு ஜெராக்ஸ் கடை. அங்க யாரோ ஒரு மனுஷனோட பழைய கரண்ட் பில் வெச்சிருக்காங்க. வர்றவங்க எல்லாரும் அதையே காப்பி எடுத்து வெக்கிறாங்க. துறையோட கணக்குப்படி இந்த ஊர்ல கம்பி இல்லாம இருக்கிற அத்தனை பேரும் அந்த ஒரே வீட்லதான் குடியிருக்கோம். அவர் யாருன்னு தெரியாது. நல்லா இருக்கட்டும்.

அடுத்து சோதனை அதிகாரி. ஒல்லியா, சட்டை முதுகோட ஒட்டிப்போன மனுஷன். பேனலை உள்ள கொண்டு வரச் சொன்னார்.

"சார், வெயில்ல வெச்சாத்தான் அது வேலை செய்யும்."

"சோதனை அதிகாரி முன்னிலையில நடக்கணும்னு விதி. எனக்கு வெயில் ஒத்துக்காது. நான் இருக்கிற இடம் இது"ன்னு சொல்லி, மேஜை டிராயர்ல இருந்து ஒரு டார்ச் எடுத்து பேனல் மேல அடிச்சார். மீட்டர் அசையவே இல்ல. அவர் தலையை ஆட்டிட்டு "பேனல் அடக்கமானது"ன்னு எழுதினார். பளபளாவோட பேனலுக்கும் அதையேதான் எழுதினாராம். எனக்கு அது பிடிக்கல.

அப்புறம் பேட்டரி. அதைத் தடவிப் பார்த்தார். "புதுசா? எவ்வளவு நேரம் தாங்கும்?"

அம்மா, அங்கதான் நான் வாயைத் திறந்தேன். "சார், போன வாரம் முடி வெட்டுறவ ஒருத்தி வந்திருப்பாளே, தங்கப் பூ ஒட்டினது. அதெல்லாம் ஒரு பேட்டரியா? என்னோடது ஃபேனை நாள் பூரா ஓட்டும். பிரிண்டர் இழுக்கும். தண்ணி கொதிக்கிற கெட்டிலைக்கூட இழுக்கும்!"

"கெட்டிலையா?"

அவர் கேட்ட விதமே வேற மாதிரி இருந்துச்சு. பக்கத்து மேஜைக்காரர் எந்திரிச்சார். யாரோ ஃபேனோட வயரை நீட்டினாங்க. என் இன்வெர்ட்டர்ல சொருகினேன். ஃபேன் சுத்திச்சு பாரு, அந்த ஹால்ல இருந்த பதினாலு பேரும் சாமி வந்த மாதிரி முகத்தை மேல தூக்கினாங்க. பேப்பர் எல்லாம் பறந்துச்சு. அதைப் பிடிக்க ஓடறதுலயே அவங்களுக்கு ஒரு சந்தோஷம்.

"தங்கப் பூவா? பின்னாடியே என் தங்கச்சி வருவான்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. உங்க அக்காவோடது நாலு நிமிஷத்துல கத்திட்டு நின்னுடுச்சும்மா"ன்னார் சோதனை அதிகாரி. "அதுக்கு ரெண்டாம் வகுப்பு குடுத்தேன். உங்களோடது சந்தேகமே இல்லாம முதல் வகுப்பு."

முதல் வகுப்பு! அன்னிக்குத்தான் குரூப்ல போட்டேன், ஞாபகம் இருக்கா? "எனக்கு முதல் வகுப்பு, சிலருக்கு ரெண்டாம் வகுப்பு"ன்னு. பெரியம்மா பார்த்துட்டாங்களான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருந்தேன்.

"ஸ்டிக்கர் எங்க சார்?"

"ஸ்டிக்கர் ரெண்டாம் வகுப்புக்கும் மூணாம் வகுப்புக்கும் உடனே குடுத்துடுவோம். முதல் வகுப்புக்கு நீண்டகாலக் கண்காணிப்பு. சக்தி அதிகம் இல்லையா, சக்தி உள்ளதை சட்டுனு வெளியே விட முடியாது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் இங்கயே இருக்கட்டும்."

எனக்கு அப்பவும் உறைக்கல. பெருமையில வந்துட்டேன்.

மறுநாளே ஆபீஸ்ல இருந்து போன். சோதனையில இருக்கிற பேட்டரிக்கு வருகைப் பதிவேடு உண்டாம். பேட்டரியால கையெழுத்துப் போட முடியாதுங்கிறதால, சொந்தக்காரங்க தினமும் காலையில வந்து போடணும். சார்ஜ் ஏத்துற பொறுப்பும் நம்மளோடது. அதனால தினமும் ரெண்டு பேனலையும் தோள்ல போட்டுக்கிட்டு, பஸ்ல கண்டக்டர்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு, மூணு மாடி ஏறி, பிளாஸ்டிக் உறை போட்ட அவங்க பேனலுக்கு நடுவுல என் பேனலை விரிச்சு, வயரை ஜன்னல் வழியா இறக்கி சார்ஜ் போட்டேன். என் பேட்டரி முதல்ல ஹால் ஃபேனுக்கு இருந்துச்சு. அப்புறம் பிரிண்டருக்கும். அப்புறம் கெட்டிலுக்கு. பத்தாவது நாள் போறேன், பதவி உயர்வு கிடைச்சு பெரிய அதிகாரி ரூமுக்குப் போயிடுச்சு.

வெட்கத்தை விட்டுச் சொல்றேன் அம்மா, முதல் வாரம் எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. நான் உள்ள போனா "முதல் வகுப்பு வந்துட்டாங்க"ன்னு சேர் போடுவாங்க. ஒருநாள் சோதனை அதிகாரி டீயை உறிஞ்சிட்டு, "உங்க அக்கா பேட்டரியில இந்த டீயைப் போட முடியுமா?"ன்னு கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் பத்து மாடி ஏறியிருப்பேன்.

ஆனா கடை மூடியே கிடக்கு. ரிப்பேருக்குக் குடுத்தவங்க போன் மேல போன். ஒண்ணாம் தேதி நெருங்குது. பளபளா கடையில மட்டும் வரிசை நிக்குது.

ஒருநாள் கையெழுத்துப் போடற வரிசையில எனக்கு முன்னாடி ஒரு தையல்காரர். மெஷினை மோட்டார்ல ஓட்டுறவர். "எந்த வகுப்பு?"ன்னு கேட்டார்.

"முதல் வகுப்பு அண்ணே"ன்னேன், தலையை நிமிர்த்தி.

"அடப்பாவமே. நானும்தான். எட்டு மாசமா."

"எட்டு மாசமா? நீங்க கம்ப்ளெயின்ட் பண்ணலையா?"

"பண்ணப் போனேன். கம்ப்ளெயின்ட் ஏத்துற கம்ப்யூட்டர் என் பேட்டரியிலதான் ஓடுது, அதுக்கே சரியாப் போகுது, ஃபேனுக்கு மிச்சமில்ல. பேட்டரியைத் திருப்பிக் கேக்கிறேன்னு சொன்னேன். அப்போ கம்ப்யூட்டர் நின்னுடும், உங்க கம்ப்ளெயின்ட் பதிவாகாதே, யோசிச்சு சொல்லுங்கன்னாங்க. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்போ யாருக்குத்தான் ஸ்டிக்கர் குடுக்கிறாங்க?"

"எது இவங்களுக்கு உதவாதோ அதுக்கு"ன்னார்.

தொடைக்காதேன்னு பளபளா சொன்னது அப்போதான் காதுல விழுந்துச்சு. ரெண்டு வாரம் லேட்டா.

வழி என்னன்னு எனக்குத் தெரியும் அம்மா, இதுதானே என் தொழில். இன்வெர்ட்டர் பின்பக்கம் ஒரு சின்ன திருகு இருக்கு. பேட்டரி எவ்வளவு இறங்கினா வேலையை நிறுத்தணும்னு அதுலதான் வெக்கிறது. அதை நல்லா ஏத்தி வெச்சுட்டா, கொஞ்சம் பெரிய பாரம் விழுந்ததுமே பேட்டரி காலின்னு நினைச்சுக் கத்திட்டு நின்னுடும். அரை நிமிஷ வேலை. ஆனா கை வரல. ஏன்னா நின்னுட்டா என்னோடது மட்டம்னு ஆயிடும். பளபளாவோடதைவிட மட்டம். அதை நினைச்சே மூணு நாள் திருகைப் பார்த்துட்டுப் பார்த்துட்டு வந்தேன்.

மாசத்தோட கடைசி நாள் ஆபீஸ்ல பாதுகாப்பு நாள் விழா. ஹால்ல மேடை, மைக். சிறந்த விண்ணப்பதாரர்னு ஒருத்தரைக் கூப்பிட்டு சான்றிதழ் குடுக்கிறாங்க. யாருன்னு நினைக்கிற? மேடையில பளபளா உக்காந்திருக்கா, புதுச் செருப்பு போட்டுக்கிட்டு. மைக்குக்கு கரண்ட் எங்கிருந்து? வயரைப் பின்தொடர்ந்து போனேன். மேஜைக்குக் கீழ, துணி மூடி, என் பேட்டரி, கூடவே என் இன்வெர்ட்டர்.

அவளைப் புகழப் போற மைக் என் பேட்டரியில ஓடுது அம்மா. நான் மூணு மாடி தூக்கி ஏத்தின வெயில்ல.

குனிஞ்சேன். திருகைத் திருப்பினேன்.

பெரிய அதிகாரி பேச ஆரம்பிச்சார். குரல் நல்லா கணீர்னு வந்துச்சு. என் இன்வெர்ட்டர்ல துளி இரைச்சல் கிடையாது, அதையும் சொல்லணும்.

"இந்தத் துறை ஆரம்பிச்ச நாலு வருஷத்துல, நல்ல பேட்டரியால ஒரு விபத்துகூட நடக்கல. என்ன காரணம்? ஒரு நல்ல பேட்டரியைக்கூட நாம வெளியே விடல!"

கைதட்டல்.

"மோசமான பேட்டரியால மக்களுக்கு ஆபத்தே கிடையாது. தீப்பிடிக்கக்கூட அதுக்குத் தெம்பு இருக்காது. அதனாலதான் அதை நம்பி மக்கள்கிட்ட ஒப்படைக்கிறோம். சிலர் கேக்கிறாங்க, இந்தத் துறைக்குன்னு சொந்தமா கரண்ட் இருக்கான்னு. நான் கேக்கிறேன், மக்களோட கரண்ட் வேற, நம்ம கரண்ட் வேறயா? மக்கள் வேற நாம வேறன்னு நான் ஒருநாளும் நினைச்சதில்ல. இந்த மேடையில உக்காந்திருக்கிற பெண்மணியைப் பாருங்க. இவங்க பேட்டரி நாலே நிமிஷம்தான் தாங்கிச்சு. எப்பேர்ப்பட்ட எளிமை! இவங்களை மாதிரி எல்லாரும்..."

அந்த நேரம் பின்னாடி யாரோ டீக்கு கெட்டிலைப் போட்டாங்க.

கீஈஈன்னு ஒரு சத்தம். மைக் செத்துச்சு. ஃபேன் நின்னுச்சு. பெரிய அதிகாரி வாய் மட்டும் அசையுது.

"யாரோடது இது?"

சோதனை அதிகாரி ஓடி வந்தார். கெட்டிலைக் கழட்டிட்டு போட்டுப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஓடிச்சு. கெட்டிலைச் சொருகினார், கீ. ஃபேனை நிறுத்திட்டு சொருகினார், கீ. அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. என்னை எழுப்பி எல்லார் முன்னாடியும் கேட்டார், "உண்மையைச் சொல்லுங்கம்மா. இது நல்ல பேட்டரியா இல்லையா?"

நாக்கு நுனியில நிக்குது. சார், ஒரு திருகு திருப்பினா இந்த ஆபீஸையே ஓட்டும்னு. மேடையைப் பார்த்தேன். பளபளா சான்றிதழை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு என்னையே பார்த்துட்டு இருக்கா. கண்ணு சிமிட்டாம.

"இல்ல சார். டப்பா."

"டப்பான்னா? உங்க அக்காவோடதைவிடவா?"

பதினாலு பேர், அது போக விருந்தாளிங்க, எல்லாரும் வேர்வையைத் தொடைக்கிறதை நிறுத்திட்டுப் பார்க்கிறாங்க. நாளைக்கு ஒண்ணாம் தேதி.

"எங்க அக்காவோடதுதான் நல்ல பேட்டரி சார்"ன்னேன்.

அக்கான்னு சொல்லிட்டேன் அம்மா. மைக் இல்லாமயே ஹால் முழுக்கக் கேட்டுச்சு.

பத்து நிமிஷம்கூட ஆகல. கையில ஸ்டிக்கர். சான்றிதழ்ல எழுதியிருக்கிறதைப் படிக்கிறேன்: "மூன்றாம் வகுப்பு. மிகவும் மோசமானது. பொதுமக்கள் பயன்பாட்டுக்கு முற்றிலும் ஏற்றது." கீழ சீல். வெளியே வரும்போது தையல்காரர்கிட்ட எந்தத் திருகுன்னு காதுல சொல்லிட்டு வந்தேன். இன்னைக்குக் காலையில கம்ப்ளெயின்ட் கம்ப்யூட்டரும் கத்திட்டு நின்னுடுச்சாம்.

இப்போ நான் கடையில இருந்துதான் பேசறேன். காலையில வந்தா, என் மூலையில பளபளாவோட சுத்துற சேர் போட்டிருக்கு. எனக்கு வந்த கோபம்! "என்னடி இது?"ன்னு பாய்ஞ்சேன்.

"வேற யாரும் இடத்தைப் பிடிச்சுடக் கூடாதேன்னு உனக்காகப் போட்டேன்"ன்னா.

"நான் வரலேன்னா?"

"அப்போ எனக்காகப் போட்டது"ன்னு சொல்லிட்டு சேரை உருட்டிக்கிட்டுப் போயிட்டா. போற போக்குல, "தொடைக்காம கொண்டு போயிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். என்னைக்குத்தான் அக்கா சொல்றதைக் கேட்டிருக்க?"ன்னா.

திருகைப் பழைய இடத்துல வெச்சேன். சூடு காட்டற மெஷின் அப்படி ஒரு சீரா ஓடுது. ஒரு போனை முடிச்சு, ரெண்டாவதைத் திறந்தேன். அப்போதான் ஒண்ணு கவனிச்சேன். மூணு கடை தள்ளி அந்தக் கீ கீ சத்தம் கேக்கல. அதுக்குப் பதிலா உஸ்ஸுன்னு ஒரு பெரிய காத்து. யாருக்கோ தலை காய வெக்கிறா. முடி காய வெக்கிற மெஷின், அம்மா! அந்த ஆபீஸ் கெட்டில் மாதிரி கரண்ட் குடிக்கிறது. கழட்டிப் போட்ட கார் பேட்டரி அதை ஒரு நொடிகூட இழுக்காது.

சில்லறை கேக்கிற மாதிரி போனேன். அவ திரும்பின நேரம் மேஜைத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். தங்கப் பூ ஒட்டின இன்வெர்ட்டரும் கார் பேட்டரியும் ஒரு ஓரமா, தூசி பிடிச்சுக் கிடக்கு, வயரே இல்லாம. ஸ்டிக்கர் வாங்குற வரைக்கும் ஊருக்குக் காட்ட வெச்சிருந்த ஜோடி போல. அதுக்குப் பின்னாடி லித்தியம். என்னோடது மாதிரியே, அதே கம்பெனி, அதே அளவு.

ரெண்டு.

அண்ணே, அம்மாவுக்குப் படிச்சு முடிச்சதும் இதை அழிச்சுடு. குரூப்ல போடாதே. என்னோடது நல்ல பேட்டரின்னு வெளியே தெரிஞ்சா மறுபடியும் சோதனைக்குக் கூப்பிட்டுடுவாங்க. பெரியம்மா கேட்டா மூணாம் வகுப்புன்னே சொல்லுங்க, சிரிச்சா சிரிக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல.

அம்மா, அடுத்த வருஷம் நான் மூணு வாங்கப் போறேன்.